ஏரி வடிந்த பின் நின்ற பனி

யெஸெரோ,
மூவரசர் திருநாளுக்கு மறுநாள்.

அன்புத் தம்பி யோஷ்டுக்கு,

உன் அக்கா பொலோனா. நாங்கள் இங்கே நலம், நீ அங்கே நலமா என்று எழுதத்தான் மேசைக்கு வந்தேன். இந்த ஒரு வரியை எழுதி முடிப்பதற்குள் இரண்டு தடவை எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டு வந்தாயிற்று. எழுத்து கோணலாக இருந்தால் குளிரின் மேல் பழி போடாதே, என் மேலேயே போடு.

முதலில் நல்ல சேதிகள். பன்றி அடித்தாகிவிட்டது. தொத்திறைச்சி புகையில் தொங்குகிறது. நீ இருக்கிற ஸ்லவோனியாக் காட்டுக்கு மரம் வெட்ட வருகிற எவன் கையிலாவது உன் பங்கைக் கொடுத்தனுப்புகிறேன். பாதியை வழியிலேயே தின்றுவிடுவான், மீதியாவது உனக்கு வந்து சேரட்டும். கறுப்புப் பசு கிடேரி போட்டிருக்கிறது. கிறிஸ்துமஸ் அன்று சில்கா வந்தாள். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் உன் தொப்பி தொங்கும் ஆணியை நாலு தரம் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கு நீ கடிதம் போடுகிறாயா, இல்லை அவளிடமும் உன் வீம்புதானா?

இனி ஏரி. இலையுதிர் காலம் முழுக்க மழை கொட்டியது உனக்கே தெரியும். நீ போனபின் தண்ணீர் ஏறி, கோடையில் நாம் புல் அறுக்கிற ஏரித்தரையை மூடி, நம் தோட்டத்து வேலியைத் தொட்டது. அந்த மட்டத்திலேயே கிறிஸ்துமஸுக்கு முன்னால் உறைந்துவிட்டது. நம் கரையிலிருந்து யாவோர்னிக் மலை அடிவாரம் வரைக்கும் ஒரே பனிப்பாளம். ஆண்கள் தேவதாருக் கிளைகளை இரண்டு பக்கமும் நட்டு வண்டிப்பாதை போட்டார்கள். எல்லாரும் விறகும் மரமும் இழுக்கிறார்கள். இதுவரைக்கும் எல்லாம் வழக்கம் போலத்தான்.

ஆனால் அடியில் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. ஏரித்தரையில் இருக்கிற சல்லடைப் பொந்துகள் அதை உறிஞ்சுகிற சத்தம் வீட்டு வாசலுக்கே கேட்கிறது. மீன் பிடிக்கப் போட்ட துளையில் வாளியை இறக்கினேன். கயிறு முழுவதையும் விட்டும் வாளி நனையவில்லை. மேலே இழுத்தபோது அதில் ஒரு கைப்பிடி புல் வந்தது. நீயும் நானும் ஆடி வெயிலில் வாரிக் கட்டுகிற அதே புல்தான். பனியைத் துளைத்துப் புல் எடுத்தவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கரையோர வில்லோ மரங்களை நீ பார்க்க வேண்டும். தண்ணீர் கொஞ்சம் இறங்கியது, நின்றது, மறுபடி உறைந்தது. அப்புறம் இன்னும் கொஞ்சம் இறங்கியது. ஒவ்வொரு தடவையும் அடிமரத்தைச் சுற்றி வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு பனித்தட்டு அப்படியே ஒட்டி நின்றுவிட்டது. இப்போது ஒவ்வொரு மரத்திலும் மூன்று நான்கு தட்டுகள், ஒன்றின் கீழ் ஒன்றாக. வெயில் பட்டால் கண் கூசுகிறது. அம்மா இருந்தபோது ஒரு தடவை இப்படி வந்தது, நீ தொட்டிலில் கிடந்தாய். லுப்லியானாவிலிருந்து ஒருவர் படப்பெட்டியோடு வந்து, அளவு தெரியவேண்டும், பக்கத்தில் நில்லுங்கள் என்று அப்பாவைக் கேட்டார். "எதுக்கு? எனக்கும் இந்த மரத்துக்கும் கல்யாணமா?" என்று கேட்டுவிட்டு அப்பா போய்விட்டார்.

அப்பாவைப் பற்றித்தான் எழுத வந்தேன், ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் போவது தெரிந்ததும் பாதிப் பேர் வண்டியை நிறுத்திவிட்டார்கள். அப்பா நிறுத்தவில்லை. தினமும் லிஸ்கா, ஃபுக்ஸ் இரண்டு குதிரைகளையும் பூட்டிக்கொண்டு அக்கரைக்குப் போகிறார், தேவதாருத் தடிகளைச் சறுக்குவண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறார். எதற்கு இத்தனை மரம் என்று கேட்டால், தொழுவம் ஒழுகுகிறதாம். நான்தானே தினமும் அங்கே பால் கறக்கிறேன், எங்கே ஒழுகுகிறது? ஆபத்து என்று சொன்னால், "தண்ணி இருந்தாத்தாண்டி முழுகணும். தண்ணியே இல்லாத ஏரியில எவன் முழுகுவான்?" என்கிறார். 

நான் சொல்லி அவர் கேட்கமாட்டார். நீ ஒரு வரி எழுதினால் கேட்பார். மார்ட்டின் திருநாள் அன்று நீங்கள் இரண்டு பேரும் கத்தியதை நான் மறக்கவில்லை. பழத்தோட்டத்து மூலையில் தனி வீடு கட்டி சில்காவோடு இருக்கிறேன் என்று நீ கேட்டாய். "நான் உசுரோட இருக்கற வரைக்கும் இங்க ஒரே புகைக்கூண்டுதான்" என்றார் அவர். "அப்ப நீங்க போனப்புறம் சொல்லி அனுப்புங்க, வர்றேன்" என்றாய் நீ. அப்பனிடம் சொல்கிற பேச்சா அது? அவர் சொன்னதும் பேச்சில்லைதான். ஆனால் தினமும் நான் களி கிண்டும்போது முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அந்த ஸ்லவோனியாக்காரன் இருக்கானா, இல்ல மரம் விழுந்து செத்தானா?" என்று கேட்பவர் அவர்தான். அவருக்கு வேறு விதமாக விசாரிக்கத் தெரியாது. உனக்கும் தெரியாது. ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

ஒரு வரி போதும். அப்பா, பனியில் போகாதீர்கள். அவ்வளவுதான். காலில் காயம் படாமல் கோடரியைப் பிடி. இறைவன் உன்னைக் காக்கட்டும்.

உன் அக்கா
பொலோனா

* * *

யெஸெரோ,
புனித செபஸ்தியார் நாள்.

தம்பி யோஷ்டுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. காலுறை இறுக்கம், சமையற்காரன் பீன்ஸைத் தவிர வேறொன்றும் அறியாதவன், உன் கூட்டாளி குறட்டை, எல்லாம் படித்தேன். கடைசியில், "லிஸ்காவுக்கு ஒரு பிடி உப்புக் கொடு, நான் விசாரித்ததாகச் சொல்" என்று எழுதியிருக்கிறாய். அதைச் சத்தமாகப் படித்துவிட்டேன், நிறுத்த நேரமில்லை. அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். "குதிரைக்குத்தான எழுதியிருக்கான்? போய் அதுகிட்டப் படிச்சுக் காட்டு" என்றார். எழுந்து போய்விட்டார். அன்றைக்கு முட்டைக்கோஸ் அப்படியே ஆறிக் கிடந்தது.

ஏண்டா, குதிரைக்கு ஒரு வரி எழுதத் தெரிந்தவனுக்கு அப்பனுக்கு ஒரு வரி எழுதக் கை வராதா? எனக்கு உன் மேல் கோபம். அடுத்த கடிதத்தில் தணியலாம், இதில் தணியாது.

ஏரி முழுக்க வடிந்துவிட்டது. மேலே பனி இருக்கிறது, கீழே ஏரி இல்லை. நம் புல்வெளிப் பக்கம் பெரும்பாலான இடத்தில் பாளம் இறங்கி, தரை மேல் கம்பளம் மாதிரி படுத்துவிட்டது. வாய்க்கால் இருக்கிற இடமெல்லாம் வெடித்துப் பிளந்திருக்கிறது. கரும்பாறை இருக்கிற இடமெல்லாம் குமிழ் மாதிரி எழும்பி நிற்கிறது. இன்னும் சில இடத்தில் எதையோ பிடித்துக்கொண்டு அந்தரத்தில் தொங்குகிறது. தொங்குகிற இடம் எது, படுத்த இடம் எது என்று மேலே நின்று பார்த்தால் எனக்குத் தெரிவதில்லை. அப்பா கோடரிக் காம்பால் தட்டிப் பார்த்துச் சொல்கிறார்.

சல்லடைப் பொந்துகள் பக்கம் ஊரே திரண்டு போய்ப் பாளத்துக்கு அடியில் தவழ்ந்து, குட்டையில் மாட்டிய மீனைக் கூடையில் அள்ளியது. நானும் சில்காவும் போனோம். போயிருக்கக் கூடாது, ஆனால் போனோம். நான் பொய் சொல்ல மாட்டேன், அந்த இடத்தை விட்டு வர எனக்கு மனசில்லை. தலைக்கு மேலே நீல வெளிச்சம். பொந்துகள் விடுகிற ஈர மூச்சு பனிக்கூரையின் அடியில் பட்டுப் பட்டு, முழ நீளத்துக்குச் சேவல் இறகுகள் மாதிரி உறைந்து தொங்கியது. விரல் பட்டால் உதிர்ந்தது, உதிர்ந்தால் கிலுகிலுவென்று சத்தம். சில்கா உதிர்ந்த ஒன்றை உள்ளங்கையில் ஏந்தினாள். அப்புறம், "அக்கா, இதை அவர் பாக்கணும்" என்றாள். யார் என்று நான் கேட்கவில்லை. இரண்டு கெண்டையும் ஒரு பெரிய விலாங்கும் கொண்டுவந்தோம்.

இப்போது என் தூக்கத்தைக் கெடுக்கிற விஷயம். பாதை பக்கத்து வீட்டு ப்ளாஷின் புல்நிலத் துண்டு வழியாகப் போகிறதல்லவா? தண்ணீர் இருந்தவரைக்கும் அவனுக்கு ஒன்றுமில்லை. இப்போது பனி தரைமேல் படுத்துவிட்டதே, அப்பா பாரம் ஏற்றிப் போனால் அடியில் அவன் புல் நசுங்குகிறதாம். வேலிக்கு வந்து சத்தம் போட்டான். "காஷ்பர் அண்ணே, என் பசு கோடையில என்னத்தத் தின்னும், உங்க சறுக்குவண்டியையா?" என்றான். அப்பா விடுவாரா? "உன் பசுவுக்கு உன்னைவிடப் புத்தி அதிகம், அது பனிக்காலத்துல புல்லப் பத்திப் பேசாது" என்று சொல்லிவிட்டு, மறுநாளே கிளைகளைப் பிடுங்கிப் பாதையை மாற்றி நட்டார். எங்கே என்று நினைக்கிறாய்? நம் துண்டு மேலே. "என் புல்லு, என் பனி, எவன் கேக்கறான் பாக்கறேன்" என்கிறார்.

ப்ளாஷின் துண்டை அடி அடியாகத் தட்டிப் பார்த்தவர், நம் துண்டைத் தட்டவே இல்லை. கேட்டால், "அங்க ஒரு கல்லு கெடையாது, ஒரு வாய்க்கா கெடையாது. எங்க அப்பன் காலத்துலருந்து அறுக்கற தரை. கண்ணக் கட்டிக்கிட்டு ஓட்டுவேன்" என்கிறார். தரை அப்படித்தான், எனக்கும் தெரியும். ஆனால் யோஷ்ட், நன்றாக யோசித்துச் சொல். நீ கோபித்துக்கொண்டு போனது புற்போர்களை வீட்டுக்கு ஏற்றிய வாரம். போர்களின் நடுவில் நட்ட போர்க்கம்புகளை நீ பிடுங்கினாயா, இல்லையா? வருஷா வருஷம் அது உன் வேலை. அவை நின்றுகொண்டிருந்தால் பனி அவற்றைப் பிடித்துக்கொண்டு உறைந்திருக்கும். தண்ணீர் போனாலும் இறங்கியிருக்காது. நம் துண்டில் மட்டும் கூரை போட்ட மாதிரி நிற்கும். அப்பாவிடம் கேட்டேன். "அவன் வேலைய அவங்கிட்டக் கேளு" என்றார். அவர் பிடுங்கினாரா என்று கேட்டேன். "அவன் வேலைய நான் எதுக்குச் செய்யணும்?" என்றார். இதிலிருந்து நீ என்ன புரிந்துகொள்கிறாயோ அதைத்தான் நானும் புரிந்துகொள்கிறேன். நானே போய்ப் பார்க்கலாம் என்றால் மேலே முழங்கால் அளவு புதுப்பனி விழுந்து, காற்றில் குவிந்து, மேடும் பள்ளமும் கம்பு நுனியும் தெரியாமல் எல்லாம் சமமாகக் கிடக்கிறது.

இந்தக் கடிதம் உனக்கு வந்து, நீ பதில் எழுதி, அது எனக்கு வருவதற்குள் அவர் எத்தனை நடை போய்விடுவாரோ! தபால்காரரை வாசலில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன், அவர் காலை உதைத்துக்கொண்டு நிற்கிறார். உடனே பதில் போடு. உடனே.

பொலோனா

* * *

யெஸெரோ,
மெழுகுத்திரித் திருநாள் கழிந்து.

என் தம்பி யோஷ்டுக்கு,

கம்புகளைப் பற்றி நீ பதில் எழுத வேண்டாம். நானே பார்த்துவிட்டேன்.

பதறாதே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா உயிரோடு இருக்கிறார். நம் வீட்டில், கட்டிலில் இருக்கிறார். நடந்ததை வரிசையாக எழுத முயற்சி செய்கிறேன். 

திருநாளுக்கு முந்தின நாள் காலையில் காற்று தெற்கே திரும்பியது. கூரையிலிருந்து சொட்டத் தொடங்கியது. இன்றைக்குப் போகவேண்டாம் என்று கதவை மறித்துக்கொண்டு நின்றேன். "கடைசி நடைடி. நாலே தடி கெடக்கு. அதையும் கொண்டாந்துட்டா நானும் குதிரையும் படுத்துக்குவோம்" என்று என்னைத் தள்ளிக்கொண்டு போனார். மதியத்துக்கு மேலே குதிரைகள் தனியாக வந்து நின்றன. லிஸ்காவின் இழுவைக் கயிறு பாதியில் அறுந்து தொங்கியது. வண்டி இல்லை, அப்பா இல்லை.

நான் எப்படி ஓடினேன் என்று எனக்குத் தெரியாது. நூல் திருப்பித் தர வந்திருந்த சில்கா கூட ஓடி வந்தாள். ப்ளாஷ் எங்கள் கத்தலைக் கேட்டு ஏணியும் கயிறும் எடுத்துக்கொண்டு வந்தான். கடப்பாரை எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

நம் துண்டின் நடுவில் பனியில் ஒரு ஓட்டை, சறுக்குவண்டி அளவுக்கு. குதிரைகள் தாண்டிவிட்டன, பாரம்தான் இறங்கியிருக்கிறது. ஓட்டைக்குள்ளிருந்து வசவு கேட்டது. யோஷ்ட், என் வாழ்நாளில் வசவு கேட்டு நான் அழுதது அப்போதுதான். நான் அப்பா என்று கத்தினேன். "கத்தாதடி, கூரை என் மேல விழும். கத்தறதுன்னா வீட்ல போய்க் கத்து" என்றார்.

ப்ளாஷ் கனத்த ஆள், பனி தாங்காது. அவன் குப்புறப் படுத்து ஏணியைப் பிடித்துக்கொள்ள, நானும் சில்காவும் இறங்கினோம். ஏணியின் கடைசிப் படியிலிருந்து கால் வைத்த இடம் நம் புல். தலைக்கு மேலே எட்டாத உயரத்தில் பனிக்கூரை. உன் போர்க்கம்புகள் வரிசையாகத் தூண் மாதிரி நின்று அதைத் தாங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு தூணையும் சுற்றி அந்த வெள்ளை இறகுகள் மேலிருந்து கீழே வரை. தேவாலயத்தில்கூட அப்படி ஒரு மண்டபத்தை நான் பார்த்ததில்லை. அதன் நடுவே கவிழ்ந்த வண்டி, இறைந்த தடிகள். ஒரு தடிக்கு அடியில் இடுப்புக்குக் கீழே அப்பா.

அவர் முகம் மெழுகு மாதிரி இருந்தது. கோபம் மட்டும் குறையவில்லை. கம்புகளைக் காட்டி, "பாத்தியா அவன் லட்சணத்த? ஒரு கம்பக்கூடப் பிடுங்கல" என்றார். உடனே, "நானும்தான் பிடுங்கல. எனக்கு என்ன கேடு, கையா இல்ல?" என்றார். அப்புறம் என்னைப் பார்க்காமல் தடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நல்ல மரம். இதுல எதுக்கும் ஒண்ணும் ஆயிடல. உத்தரத்துக்கு ஆகும். வீடு வேணுங்கறான், வாய் கிழியப் பேசறான். உத்தரம் எங்கருந்து வரும்னு கேட்டா முழிப்பான். அவன் முழிக்கறதுக்கு முன்னாடி அடுக்கி வச்சுடணும்னு பாத்தேன்."

தொழுவம் ஒழுகவில்லை என்று நான் உனக்கு எழுதினேனே. எனக்கே அப்போதுதான் விளங்கியது. சில்கா அங்கேயே நின்றுகொண்டிருந்தாள், எல்லாம் கேட்டாள். அவளைப் பார்த்ததும் அப்பாவுக்கு வெட்கம். "நீ எங்கம்மா இங்க?" என்றார். "நூல் குடுக்க வந்தேன் மாமா" என்றாள் அவள். அந்த இடத்தில் அந்தப் பதில்!

நானும் அவளும் தடியைத் தூக்கப் பார்த்தோம், அசையவில்லை. ஒரு நெம்புகோல் வேண்டும். அப்போதுதான் ஏரியோரத்துப் பெரும்பொந்தான முரசுக்குழி அடிக்கத் தொடங்கியது. தூரத்தில் டம் டம் என்று, முதலில் மெதுவாக, அப்புறம் நிற்காமல். அது அடித்தால் தண்ணீர் திரும்பி வருகிறது என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலையில் பனி உருகி, உறிஞ்சின பொந்தெல்லாம் கக்கத் தொடங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் புல்லுக்கடியில் சளக் சளக் என்றது. என் காலணிக்குள் குளிர் ஏறியது.

நெம்புவதற்கு அங்கே இருந்தவை கூரையைத் தாங்குகிற கம்புகள்தான். நான் அருகிலிருந்த ஒன்றைப் பிடித்தேன். "அதத் தொடாத! அது விழுந்தா எல்லாம் விழும்" என்று அப்பா அலறினார். படுத்த வாக்கில் தலையைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு கம்பாகப் பார்த்தார். நீங்கள் இருவரும் சேர்ந்து நட்டவைதானே, எதை ஆழமாக அடித்தீர்கள், எது ஆடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "அந்த ஓரத்துல, வளைஞ்சது. அது உன் தம்பி நட்டது. அவன் எதையும் ஆழமா நடமாட்டான். ஆட்டு, வந்துடும்" என்றார். சில்கா போய்க் கட்டிப் பிடித்து ஆட்டினாள். மேலே படபடவென்று வெடிப்பு ஓடியது. இறகெல்லாம் எங்கள் தலையில் கொட்டியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மேலே ப்ளாஷ் சத்தமாக ஜெபம் சொன்னான். கம்பு வந்துவிட்டது, கூரை நின்றது.

சில்கா நெம்பினாள், நான் அப்பாவின் அக்குளில் கை கொடுத்து இழுத்தேன். அவர் கத்தவில்லை, என் கையைக் கடித்துக்கொண்டார். பல் பதிந்த இடம் இன்னும் நீலமாக இருக்கிறது. கயிற்றில் கட்டி, ப்ளாஷ் மேலே இழுக்க, நாங்கள் கீழிருந்து தூக்கினோம். அதற்குள் எங்களுக்கு முழங்கால் தண்ணீர். கரைக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது நம் துண்டு அப்படியே பெருமூச்சு விட்ட மாதிரி உள்ளே உட்கார்ந்தது. இன்றைக்குப் போய்ப் பார்த்தேன், ஏரி மறுபடி நிறைந்து கிடக்கிறது. உடைந்த பாளமெல்லாம் மிதக்கிறது. அந்தத் தடிகளும் நடுவில் எங்கோ மிதக்கின்றன. முன்பு கொண்டுவந்தவற்றை அப்பா தொழுவத்துக்குப் பின்னால் அடுக்கி, காற்றுப் போக இடையில் குச்சி வைத்து, மேலே பலகை மூடி வைத்திருக்கிறார். நான் போய் எண்ணவில்லை. ஒரு வீட்டுக்குப் போதும் என்று ப்ளாஷ் சொல்கிறான். இப்போது தினமும் வந்து, தன் புல்லைப் பற்றிப் பேசிய நாக்கை அறுக்கவேண்டும் என்று அழுகிறான். அப்பாதான் அவனைத் தேற்றுகிறார்.

இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது என்று செர்க்னிட்சா டாக்டர் சொன்னார். அது கூடிவிடும் என்றார். நெஞ்சில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார். பையை மூடிவிட்டு, நாளைக்கும் வருகிறேன் என்றார். அவ்வளவு தூரம், இந்தச் சேற்றில், யாருக்கும் அவர் அடுத்தடுத்த நாள் வந்து நான் பார்த்ததில்லை. அப்பா சூடான பாலில் சாராயம் ஊற்றிக் கொடுத்தால் இரண்டு மிடறு குடிக்கிறார். இருமினால் சுவரைப் பிடித்துக்கொள்கிறார். நேற்று பங்குச்சாமியாரை அவரே கூப்பிட்டு அனுப்பினார். நான் அனுப்பவில்லை யோஷ்ட், அவரே. சாமியார் போனபின், "பொலோனா, கட்டில இந்த ஜன்னலுக்குத் தள்ளு" என்றார். ஏரி தெரியாதே அப்பா, அங்கே ராக்கெக் ரயிலடியிலிருந்து வருகிற சாலைதானே தெரியும் என்றேன். "ஏரியப் பாத்தா கண்ணு கூசுது" என்றார். வெளியே மூன்று நாளாக வெயிலே இல்லை.

உனக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். கூடாது என்றார். "எழுதுனா பயந்துக்கிட்டு ஓடி வருவான். பயந்து வர்றவன் எனக்கு வேண்டாம். அவனா வரணும்னு தோணி வந்தா வரட்டும்" என்றார். ஆகவே நான் உனக்கு எழுதவில்லை, தெரிந்துகொள். இதை நான் தொழுவத்தில் பால் குடத்தைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் எழுதுகிறேன். வீட்டில் சில்கா அவர் பக்கத்தில் இருக்கிறாள். அவளை அவர் இப்போது மகளே என்கிறார். அவள் காதில் விழாத மாதிரி இருந்துகொண்டு, அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

வீட்டுக்குள் நுழையும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு நுழை. என்ன நடந்தது என்று கேட்டு அவர் முன்னால் அழாதே. அக்கா எழுதினாள் என்று சொல்லாதே. வேலை சலித்துப் போயிற்று, வீட்டு ஞாபகம் வந்தது, சும்மாதான் வந்தேன் என்று சொல். அவர் உன்னைத் திட்டுவார். திட்டட்டும், எதிர்த்துப் பேசாமல் பக்கத்தில் உட்கார். நேற்று என்னைத் திட்டவில்லை, இன்றைக்கும் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத உட்காராதே, தம்பி. கோடரியை அங்கேயே போட்டுவிட்டு ரயிலேறு. வழியெல்லாம் நம் ஆண்டவர் உனக்கு முன்னால் நடந்து, உன்னைச் சீக்கிரம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அக்கா
பொலோனா